லாவோ கோயில் நிர்வாகக் குழுவினருக்கு: பிள்ளைகளின் காதிலிருந்து தொடங்குங்கள்

மின்னசோட்டாவிலும் அமெரிக்காவின் மற்ற ஊர்களிலும் லாவோ கோயில்களை நடத்திவரும் பெரியவர்களுக்கு,

சபாய்தீ. வணக்கம்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். ஆனாலும் முழுக்க வெளி ஆள் இல்லை, உங்கள் சமூகத்து மாப்பிள்ளை. என் மனைவி அமெரிக்காவிலேயே பிறந்த லாவோப் பெண். மாமியார் 1970களின் கடைசியில் லாவோஸிலிருந்து இரவோடு இரவாக மேகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்தின் நோங்காய் முகாமில் காத்துக் கிடந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தவர். எங்கள் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, சனிக்கிழமை உங்கள் கோயில்களில் ஒன்றின் பேஸ்மென்ட்டில் லாவோ வகுப்பு என்று வைத்திருந்தோம். தமிழ்ப் பள்ளிக்கு இன்னும் போகிறாள். லாவோ வகுப்பை விட்டுவிட்டாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்கள். அது ஏன் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். இதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தும் எங்கள் ஆட்களும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், அவர்கள் காதிலும் கொஞ்சம் விழட்டும்.

எங்கள் பள்ளிகளைக் காட்டி உங்களுக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கியவர்கள். 1998-ல் கலிபோர்னியாவில் தமிழ்க் கழகம் தொடங்கினார்கள் என்றால், சனி ஞாயிறு ஓய்வாக இருந்த பெற்றோர் இருந்தார்கள், புத்தகம் அச்சடிக்கக் காசு இருந்தது. உங்கள் கதை வேறு. 1975-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு லாவோஸ் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், அந்தக் கூட்டத்தில் கைப்பையோடு வந்தவர்கள் நீங்கள். வந்த கையோடு இறைச்சி ஆலையிலும் தொழிற்சாலையிலும் இரவு ஷிஃப்ட். வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளைகள் பின்தங்க மாட்டார்கள் என்று பள்ளிக்கூட டீச்சர் வேறு அறிவுரை. என் மாமியாருக்கும் அப்படிச் சொன்னார்கள், அவரும் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்தார். இத்தனைக்கும் நடுவில் கோயில் கட்டி, அதில் ஒரு மொழி வகுப்பையும் நடத்துகிறீர்கள் என்றால் அது சாதாரண காரியம் இல்லை. அது வீணாகப் போகிறதே என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

லாவோஸிலிருந்து வந்த இளம் பிக்கு ஒருவர் பாடம் எடுத்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி, அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சுவரில் எழுத்து அட்டவணை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருளின் பெயர்: கோழிக்கு ஒரு எழுத்து, முட்டைக்கு ஒன்று, எருமைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று 27 மெய்யெழுத்தையும் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். அது முடிந்தால் உயிர்க்குறிகள். மெய்யெழுத்துக்கு முன்னால் சில, பின்னால் சில, தலைக்கு மேல் சில, காலடியில் சில. (எங்கள் கொம்பும் காலும் பழகிய என் மகளுக்கு இது ஒன்றும் பெரிய அதிர்ச்சியாக இல்லை. உங்கள் எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக எங்கள் ஊர்ப் பல்லவர் எழுத்திலிருந்து போனதுதான் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, அப்படியானால் ஏன் ஒரே மாதிரி எழுதவில்லை என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.) அதுவும் முடிந்த பிறகு தொனி அட்டவணை, குரலை ஏற்றி இறக்கிச் சொல்வதில் அர்த்தமே மாறும் மொழி ஆயிற்றே. மெய்யெழுத்து உயர் வகுப்பா, இடை வகுப்பா, தாழ் வகுப்பா, உயிர் குறிலா நெடிலா, சொல் எதில் முடிகிறது, மேலே தொனிக்குறி இருக்கிறதா, இருந்தால் நான்கில் எது, இத்தனையும் பார்த்துக் கட்டத்தில் விரலை ஓட்டினால் இந்தச் சொல்லை இந்தத் தொனியில் சொல்ல வேண்டும் என்று விடை வரும். பிள்ளைகள் ஒரு முழு வாக்கியத்தை வாசிப்பதற்குள் வெளியே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, வகுப்பில் பாதி நாற்காலி காலி.

இந்த முறை வெளியாருக்கு நல்ல முறை. என்னைப் போல ஒருவன் லாவோ படிக்க உட்கார்ந்தால் எனக்கு அந்த அட்டவணை இல்லாமல் முடியாது, ஏனென்றால் என் காதில் எந்தச் சொல்லும் இல்லை, எழுத்தைப் பார்த்துத்தான் ஒலியைக் கண்டுபிடிக்க வேண்டும். லாவோஸ் தலைநகர் வியன்டியானில் இருக்கிற பிள்ளைக்கும் சரிதான், அது நாள் முழுக்க அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது, எப்படிச் சொல்லிக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த இரண்டிலும் சேர மாட்டார்கள். அவர்களுக்கு ஒலி முழுக்கத் தெரியும், எழுத்து தெரியாது, பேச வெட்கம்.

ஒன்று சொல்கிறேன். லாவோவில் 'வா' என்பதற்கும் மா, நாய்க்கும் மா, குதிரைக்கும் மா, தொனிதான் வேறு. நாங்கள் குடியிருக்கும் தெருவில் பக்கத்து வீட்டு நாய் அடிக்கடி எங்கள் முற்றத்துக்கு வரும். மாமியார் சமையலறை ஜன்னலிலிருந்து "மா மா" என்பார், நாய் வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது யாரோ மாமனைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்கும். என் மகள் அடுத்த நொடி வாசலில் நிற்பாள். இவள்தான் வகுப்பில் அதே மூன்று சொல்லையும் அட்டவணை பார்த்து வாசிக்கச் சொன்னபோது தப்பாக வாசித்து, நோட்டில் சிவப்புக் கோடு வாங்கிக்கொண்டு வந்தாள். பூனை எழுத்து தாழ் வகுப்பு, நெடில், குறி இல்லை, ஆகவே... என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்ததை மறக்கச் செய்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடிக்கச் சொன்னால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்?

அதனால் நான் கேட்பது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான். ஒலியிலிருந்து எழுத்துக்கு வாருங்கள். முதல் நாளே வீட்டில் பாட்டி சொல்லும் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிப் போடுங்கள். "கின் காவ் லேவ் பொ", சாப்பிட்டாயா என்று எத்தனை ஆயிரம் முறை அந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்! எழுத்தே தெரியாவிட்டாலும் அது என்ன வாக்கியம் என்று சொல்லிவிட்டால் எது 'கின்', எது 'காவ்' என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். தொனி அட்டவணையைப் பெரிய பிள்ளைகளுக்கு, தெரியாத சொல் வரும்போது எடுங்கள். அப்போது அது உதவும்.

இன்னொரு சௌகரியம் உங்கள் மொழிக்கு இருக்கிறது, தாய்லாந்து மொழிக்குக் கிடையாது. தாய்லாந்துக்காரர்கள் சமஸ்கிருதம், பாலி எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒலிக்காத எழுத்தெல்லாம் சொல்லின் வாலில் தொங்கும். லாவோ மொழியோ அரசர் காலத்திலேயே ஒலிக்கேற்ற எழுத்துமுறைக்கு மாறிவிட்டது, 1975-க்குப் பிறகு இன்னும் எளிமையாகியது. காதில் சரியாக விழுந்தால் பெரும்பாலும் சரியாக எழுதிவிடலாம். இப்படி ஒரு எழுத்துமுறையைக் கையில் வைத்துக்கொண்டு, காது பழகிய பிள்ளைகளை அட்டவணைக்கு முன்னால் உட்கார வைப்பது அநியாயம் இல்லையா?

ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து இருக்கிறதே, முட்டை எழுத்தும் எருமை எழுத்தும் ஒன்றுபோலத்தானே ஒலிக்கும், அதற்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் பிள்ளைகள் கையிலேயே சாவி இருக்கிறது, அவர்களுடைய குடும்பப் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் உங்கள் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதியபோது புலி எழுத்துக்கு 'எஸ்' போட்டார்கள், அதே ஒலியுள்ள யானை எழுத்துக்குப் பெரும்பாலும் 'எக்ஸ்' போட்டார்கள். ஊர்ப் பெயர்களிலும் அப்படித்தான், சவன்னகேத் 'எஸ்'-ல் தொடங்கும், சியெங் குவாங் 'எக்ஸ்'-ல் தொடங்கும். இங்கே பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும் டீச்சர்கள் அந்த 'எக்ஸ்'-ஐப் பார்த்து முழித்து, 'இஸட்' மாதிரியோ 'க்ஸ' என்றோ எதையாவது உளறி, பிள்ளைகளும் அதைக் கேட்டுக் கேட்டுத் தங்கள் பெயரையே அப்படிச் சொல்லப் பழகிவிட்டார்கள். அந்த எழுத்து எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது, அது யானை எழுத்தின் வேஷம் என்று ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். தன் பெயரில் இருக்கிற எழுத்தை எந்தப் பிள்ளையும் மறக்காது. மற்ற பிள்ளைகளின் பெயரை வைத்து மற்ற எழுத்து. லாவோ பெயர்களின் நீளத்துக்கு, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பாதி அட்டவணை முடிந்துவிடும்.

அப்புறம், சொற்களுக்கு நடுவில் இடம். லாவோவில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை என்று தெரியும், எங்கள் பழைய ஓலைச்சுவடிகளும் அப்படித்தான், புள்ளிகூட இருக்காது. தேர்ந்தவர்கள் வாசித்துவிடுவார்கள். முதல் வருடம் மட்டும் பிள்ளைகளுக்கான தாள்களில் இடைவெளி விட்டு அச்சடியுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். பெரியவர்கள் சிரிப்பதை நிறுத்த வேண்டும்.

புத்தாண்டிலோ கல்யாணத்திலோ பாசி சடங்கு நடக்கும்போது கையில் வெள்ளை நூல் கட்டிக்கொள்ளப் பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டு உட்காருவார்கள். நூல் கட்டும் மாமாவும் அத்தையும் வாய் நிறைய வாழ்த்துவார்கள், பதிலுக்கு இந்தக் குழந்தை இரண்டு வார்த்தை லாவோவில் சொல்லும். உடனே ஒரு சிரிப்பு. ஃபலாங் மாதிரி, அதாவது வெள்ளைக்காரன் மாதிரிப் பேசுகிறாள் என்று பக்கத்து ஆளிடம் ஒரு கமெண்ட். கெட்ட எண்ணம் இல்லை, ஆசையில் சிரிக்கிறீர்கள், தெரியும். ஆனால் என் மனைவிக்கு இப்போதும் லாவோ ஒரு சொல் விடாமல் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வாயை மூடிக்கொண்டவர். அவர் தலைமுறையில் இப்படி எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். இன்று கோயில் வகுப்புக்குப் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே பார்க்கிங்கில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இவர்கள்தான். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு மேசை போடுங்கள். நாற்பது வயதில் எழுத்துக் கற்றுக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள், பிள்ளைக்கு உதவுகிற சாக்கில் கற்றுக்கொள்வார்கள். பாட்டிகளும் மேலே சமையலறையில் ஒட்டுச்சோறு அவித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, முறை வைத்தாவது ஒருத்தர் இருவர் கீழே வந்து பிள்ளைகளோடு உட்காரட்டும். பிக்குவோடு பிள்ளைகள் அடக்க ஒடுக்கமாக இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். 'மே தூ' என்று கூப்பிடப் பழகிய ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தால் பேச்சு தானாக வரும்.

பாடப்புத்தகச் சண்டையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கோயிலில் நடந்தது மற்ற இடங்களிலும் நடக்கிறது என்று கேள்வி. வியன்டியானில் அச்சடித்த புத்தகத்தை ஒருவர் கொண்டுவந்தால், அதில் ஆட்சிக்காரர்களின் கொடி இருக்கிறது, உள்ளே புரட்சிப் பாட்டு இருக்கிறது, எங்களை விரட்டியவர்களின் புத்தகம் எங்கள் கோயிலுக்குள் வரக்கூடாது என்கிறார் ஒரு பெரியவர். பழைய அரசாட்சியின் மூன்று தலை யானைக் கொடியை இன்றும் ஏற்றி வணங்குகிறவரின் வலியை நான் அளக்க முடியாது, அதில் எனக்குப் பேச உரிமையும் இல்லை. ஆனால் 1975-க்கு முந்தைய புத்தகத்தை நகலுக்கு நகல் எடுத்து, எழுத்தின் தலை எது கால் எது என்று தெரியாத தாளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது தீர்வு இல்லை. புது ஆட்சி ஒதுக்கித் தள்ளிய 'ர' எழுத்தைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினீர்கள், அந்த எழுத்து வெளிநாட்டுப் பெயர்களுக்காக அங்கேயே திரும்பி வந்துவிட்டது. இரண்டு எழுத்துக்கூட்டலையும் சொல்லிக் கொடுங்கள், பாட்டி எழுதுவது இப்படி, அங்கே இப்போது எழுதுவது இப்படி என்று. புத்தகத்தில் பிடிக்காத பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். அதைவிட நல்லது, உங்கள் பிள்ளைகளுக்கான புத்தகத்தை நீங்களே எழுதுவது. இதில் வரும் வீடு அமெரிக்க வீடாக இருக்கட்டும், பனி கொட்டட்டும், பாட்டி கராஜில் பாதேக் என்ற புளித்த மீன் ஜாடியை ஒளித்து வைக்கட்டும்.

தாய்லாந்து விஷயத்திலும் கொஞ்சம் கையைத் தளர்த்தலாம். மேகாங்குக்கு அந்தப் பக்கம் ஈசான் பகுதியில் உங்கள் மொழியைப் பேசுகிறவர்கள் சுமார் 2 கோடிப் பேர், லாவோஸின் மொத்த மக்கள்தொகையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அவர்கள் எழுதுவது தாய்லாந்து எழுத்தில்தான், பேச்சில் தாய்லாந்து மொழிக் கலப்பும் உண்டு, சரி. ஆனால் யூடியூபில் அவர்கள் போடும் சமையல் வீடியோவும் மோர்லாம் நாட்டுப்பாட்டும் என் மகளுக்கு அப்படியே புரிகிறது, தம் மாக் ஹுங் என்ற பப்பாளிக்காய் சாலட்டை இடிக்கிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் அது தாய்லாந்து, அது வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் வரவேற்பறையில் ஓடுவதோ தாய்லாந்து சீரியல்! லாவோவில் படிக்கப் பொருள் கிடைக்காமல் தாய்லாந்து மொழி கற்கப் போய்விட்ட லாவோ இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுவதில் பயன் இல்லை.

வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்கவும் முடியாது. டுவோலிங்கோவில் லாவோ கிடையாது. மேடிசனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடத்தும் கோடைக்கால தென்கிழக்காசிய மொழி வகுப்பில் லாவோ உண்டு, பாரிஸில் இனால்கோ என்ற மொழிக் கல்வி நிறுவனத்தில் உண்டு, இரண்டும் கல்லூரி வயதுக்காரர்களுக்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பெரிய லாவோ பாடம் எது என்று தேடினால், 1970 வாக்கில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்காக எழுதியது வந்து நிற்கிறது. உங்கள் நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே அரசாங்கம் தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்த லாவோ. அதை வைத்து அகதிகளின் பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி நான் என்ன சொல்ல.

பள்ளி மாவட்டத்தை மட்டும் விடாதீர்கள். அதே லாவோஸிலிருந்து, அதே போருக்குப் பிறகு வந்த ஹ்மாங் மக்களுக்குச் செயின்ட் பால் அரசுப் பள்ளிகளில் இருமொழி வகுப்பே இருக்கிறது. அவர்கள் எண்ணிக்கை இங்கே மிக அதிகம், அதே அளவு உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இரண்டு மொழி தெரிந்த மாணவர்களுக்கு இருமொழி முத்திரை கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, கலிபோர்னியா 2011-ல் சட்டம் போட்டுத் தொடங்கி வைத்தது, மின்னசோட்டாவிலும் உண்டு, அதை லாவோவில் வாங்க உங்கள் பிள்ளைகளுக்கு வழி செய்ய முடியும். பேசினால் மட்டும் போதாது, வாசிக்கவும் எழுதவும் வர வேண்டும். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பு தாண்டியும் பள்ளிக்கு வருகிறார்கள் என்றால், உண்மையைச் சொல்கிறேன், பாதிப் பேருக்குத் தமிழ்ப்பற்று காரணம் இல்லை, இந்த மாதிரி முத்திரையும் கிரெடிட்டும்தான். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்த ஏப்ரலில் பீ மாய், உங்கள் புத்தாண்டு விழா வரும், எங்கள் சித்திரை ஒன்றும் அதே வாரம்தான். அதற்குள் இந்த வகுப்பைத் திரும்ப ஆரம்பிக்கலாம். விழா வேலை நெருக்குவதற்கு முன்னால், பிப்ரவரியில் ஒரு கூட்டம் கூட்டுங்கள், பெற்றோரையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு அவர்கள் வாயால் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் நாங்கள் தாள் தயாரிக்கும் முறை, பதிவு வைக்கும் முறை, பள்ளி மாவட்டத்துக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன, கொடுக்கிறேன். போனிலும் கணினியிலும் லாவோ விசைப்பலகை போட்டுக் கொடுக்கிறேன், பிள்ளைகள் பாட்டிக்கு ரோமன் எழுத்தில் அடித்து அனுப்புவதும் பாட்டி பதிலுக்குக் குரல் பதிவு அனுப்புவதும் கொஞ்சமாவது குறையும். நாற்காலி அடுக்கவும் வருவேன். சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், ஞாயிறு எனக்குத் தமிழ்ப் பள்ளியில் வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பிலிருந்து நின்றுவிட்ட ஒரு மாணவியின் அப்பா